எதைக்கொண்டு அறிந்தாய் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இந்து மதத்தின் அடிப்படைகளைப் பகுத்தறிவோடு, தத்துவ நோக்கில் புரிந்துகொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். இதைக் கேட்டவர் இளைஞராக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். வீட்டில் ஏதோ ஒரு சடங்கைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். "பெரியவர்கள் காரணமில்லாமலா சொல்லியிருப்பார்கள்?" என்று வாயை அடைத்திருப்பார்கள். அல்லது, கேட்டதற்கு யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு 'அறிவியல் விளக்கம்' அனுப்பியிருப்பார்கள். என் ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கேள்விக்காக நான் அறை வாங்கியவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1977. எனக்குப் பதினான்கு வயது. அப்பா இறந்து பதினாறாம் நாள், ஆற்றங்கரையில் கருமாதி. எள்ளைப் பிசைந்த சோற்று உருண்டையை என் கையில் வைத்து, "இது உன் அப்பாவுக்கு" என்றார்கள். "இது அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று கேட்டேன். குறும்புக்காகக் கேட்கவில்லை. அப்பா பசி தாங்கமாட்டார். போய்ச் சேருமா என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. பெரியப்பா ஓங்கி அறைந்தார். அவர் கையில் ஒட்டியிருந்த எள் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான் அதைத் துடைக்கவே இல்லை, வீடு வரும்வரை அப்படியே இருந்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் நான் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

பிறகு நில அளவையர் வேலை கிடைத்தது. 1989இல் திருவெண்ணெய்நல்லூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் எல்லைத் தகராறு. அப்போது தென்னாற்காடு மாவட்டம் இன்னும் பிரியவில்லை. மூலையில் இருக்க வேண்டிய எல்லைக்கல்லைக் காணவில்லை, ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள். புலப்படத்தில் இருந்த அளவுகளைப் பார்த்து, நின்றுகொண்டிருந்த இரண்டு கற்களிலிருந்து சங்கிலி பிடிக்கச் சொல்லி, இரண்டு அளவும் சந்திக்கிற இடத்தில் குச்சியை ஊன்றினேன். பக்கத்து நிலத்துக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வரப்பில் குடையோடு நின்றிருந்தார். "கல்தான் இல்லையே தம்பி, எதைக்கொண்டு இங்கே என்கிறீர்கள்?" என்று கேட்டார். கணக்கை விளக்கினேன். செயின்மேன் கடப்பாரை போட்டார். ஒன்றரை அடி ஆழத்தில் உடைந்த கல்லின் அடிப்பாகம் தட்டுப்பட்டது.

ஆசிரியர் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். "படத்தை நம்பினீர்கள், அது உரை. கணக்குப் போட்டீர்கள், அது கருதல். தோண்டிப் பார்த்தீர்கள், அது காண்டல். மூன்று அளவையையும் ஒரே காலையில் முடித்துவிட்டீர்கள். உங்கள் துறைக்குப் பெயரே அளவைதானே? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள்" என்றார். "எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது ஐயா" என்றேன். "அதனால்தான் கூப்பிடுகிறேன்" என்றார்.

நீங்கள் கேட்ட 'எங்கிருந்து' என்பதற்கு என் பதில் இந்த மூன்று சொற்களில் இருக்கிறது. கடவுள் யார், எத்தனை பேர், எந்தக் கிழமை என்ன செய்வது என்பதிலெல்லாம் தொடங்காதீர்கள். ஒன்றை எதைக்கொண்டு அறிகிறோம் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த நாட்டின் தத்துவ நூல்கள் தொடங்குகிற இடமும் பெரும்பாலும் அதுதான். வடமொழியில் பிரமாணம், தமிழில் அளவை. தத்துவப் பிரிவுகளைத் தரிசனம் என்பார்கள். நியாய தரிசனம் காட்சி, அனுமானம், ஒப்புமை, சொல் என்று நான்கைக் கொள்கிறது. சாங்கியம் மூன்று. கடவுளையும் மறுபிறப்பையும் மறுக்கும் உலகாயதர் காட்சி ஒன்றோடு நின்றுவிடுவார்கள். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் சொன்ன எல்லா அளவைகளையும் எண்ணிவிட்டு, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்கிறார். கொள்கையைப் பேசுவதற்கு முன்பே, எதைச் சான்றாக ஏற்பது என்று வாதிகள் முடிவுசெய்துகொள்கிறார்கள். முப்பது ஆண்டுகள் நிலம் அளந்தவனுக்கு இது எவ்வளவு நாணயமான முறை என்று தெரியும்.

ஞாயிறு வகுப்பில் நாங்கள் ஏழு பேர். ஒரு தையல்காரர், ஒரு அரிசி மண்டிக் கணக்கர், இரண்டு கல்லூரி மாணவர்கள், இன்னும் இருவர். போன முதல் நாளே ஆசிரியர் என்னைத் தூணோரமாகத் தனியே உட்காரவைத்து, "இன்று முதல் நீங்கள் உலகாயதன். உங்கள் கட்சியை வலுவாகச் சொல்ல வேண்டும். பலவீனமாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்" என்றார். சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் என்ற பகுதி அப்படித்தான் அமைந்திருக்கிறது. எதிர்க்கட்சியின் கொள்கையை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, பிறகுதான் மறுப்பு. வரிசையில் முதலில் வருபவன் உலகாயதன். ஆறு மாதம் நான் அந்தத் தூணோரம் உட்கார்ந்து கடவுள் இல்லை, உயிர் இல்லை, மறுபிறப்பு இல்லை என்று வாதாடினேன். கோயிலுக்குள்ளே, மாலைப் பூசை மணி கேட்டுக்கொண்டிருக்க. யாரும் என்னை அறையவில்லை.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, சேர்ந்தால் வருகிறது. அதுபோல உடலின் பூதங்கள் சேர்ந்தால் அறிவு வருகிறது. இது உலகாயதரின் பழைய உதாரணம். இதை நான் சொன்னபோது மண்டிக் கணக்கர் தம் வாயிலிருந்த தாம்பூலத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பதிலுக்கு ஆசிரியர், அருணந்தியாரின் குரு மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை எடுத்தார். அதில் "எனதுடல் என்றலின்" என்று ஒரு காரணம் வரும். என் சட்டை என்றால் சட்டை நானல்ல; அதுபோல என் உடல் என்பதால் உடலும் நானல்ல என்ற வாதம். நான் விடவில்லை. "'என் உயிர்' என்றும்தானே ஐயா சொல்கிறோம்? அப்படியானால் உயிரும் நானில்லையா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் என் கேள்வியைத் தேதியோடு எழுதிக்கொண்டு, "அடுத்த வாரம்" என்றார். எழுபது வயதுப் பெரியவர், இருபத்தாறு வயதுப் பையன் கேட்டதை எழுதிக்கொள்கிறார். என் வாழ்க்கையில் பார்த்த மரியாதைகளில் அதைவிடப் பெரிது ஒன்று இல்லை.

அடுத்த வாரம் அவர் சொன்னது: பேச்சு வழக்கு ஒன்றை மட்டும் நம்பினால் நீங்கள் சொன்ன இடர் வரும், அதனால்தான் சூத்திரம் அந்த ஒரு காரணத்தோடு நிற்காமல், உறக்கத்தில் உடல் கிடந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லாததையும், உணர்த்தினால்தான் உயிர் உணர்கிறது என்பதையும் சேர்த்து அடுக்குகிறது. எனக்கு இன்றுவரை இதில் முழு உடன்பாடு வரவில்லை. வராமலே அந்த வகுப்பில் நான்கு ஆண்டுகள் இருந்தேன்.

ஒரு நாள் அவர் மாதவரின் சர்வதரிசன சங்கிரகத்திலிருந்து ஒரு பகுதியைத் தமிழாக்கிச் சொன்னார். பதினான்காம் நூற்றாண்டு நூல். எழுதியவர் அத்வைத வேதாந்தி. முதல் அத்தியாயம் சார்வாகரை, அதாவது உலகாயதரைப் பற்றியது. அதில் சார்வாகர் கேட்கிறார்: இங்கே படைக்கும் உணவு இறந்தவனுக்குப் போய்ச் சேருமென்றால், வெளியூர் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு? வீட்டிலேயே படைத்துவிடலாமே? மாடியில் இருப்பவனுக்குக் கீழே படைத்தால் பசி ஆறுமா?

எழுந்து வெளியே போய்விட்டேன். கொடிமரத்தடியில் நின்று அழுதேன். நான் அறை வாங்கிய கேள்வி இது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வேதாந்தி அதை மறைக்காமல், மழுப்பாமல், தம் நூலின் முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறார். பெரியப்பாவுக்கு அது தெரியாது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்களுக்குப் பயன்படும் என்று இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். ஆறு தரிசனங்களில் ஈசுவரகிருஷ்ணர் சொல்லும் சாங்கியத்துக்கு உலகைப் படைத்த கடவுள் தேவைப்படவில்லை. வேதத்தை உயிராகக் கொண்ட மீமாம்சைக்கும் படைப்புக் கடவுள் இல்லை. நியாயம் கடவுளை அனுமானத்தால் நிறுவ முயல்கிறது. இந்த மூன்றுமே வேதத்தை ஏற்கிற வைதிகத் தரிசனங்கள். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் தண்ணீர் மட்டும் குடித்திருக்கச் சொல்கிறார். பிறகு வேதத்தைச் சொல் என்கிறார். நினைவுக்கு வரவில்லை என்கிறான். சாப்பிட்டுவிட்டு வா என்கிறார். வந்ததும் எல்லாம் நினைவுக்கு வருகிறது. மனம் உணவால் ஆனது என்பதை அப்பா மகனுக்குச் சோதனை செய்து காட்டுகிறார். சங்கரர் கீதை உரையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதிகள், அதாவது வேத வாக்கியங்கள், சொன்னாலும் அது சான்றாகாது என்கிறார். இவற்றை யாரும் உங்களுக்கு முதலில் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கதையே ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் சிவபெருமான் கிழவராக வந்து, சுந்தரரைத் தம் அடிமை என்று சொல்லித் திருமணத்தை நிறுத்துகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபையார் அந்தக் கிழவரைக் கேட்கிறார்கள். மூல ஓலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. அனுபோகம், பத்திரம், சாட்சி என்று நாங்கள் நிலத் தகராறில் இன்றும் கேட்கிற அதே மூன்று. இது பக்தி நூல், தர்க்க நூல் இல்லை என்று ஒருவர் வருவார். தெரியும். ஆனாலும், வந்தவர் கடவுள் என்ற கதையிலும் சான்றைக் கேட்காமல் விடக்கூடாது என்று சேக்கிழாருக்குத் தோன்றியிருக்கிறது.

சைவ சித்தாந்தத்தை இந்து மதம் என்று எப்படிச் சொல்லலாம், தமிழர் சமயம் வேறு என்று சிலர் எழுதுவார்கள். வைணவத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று சிலர். நான் எனக்குக் கற்பிக்கப்பட்டதைத்தான் எழுத முடியும். இன்னொரு பக்கம், "இவ்வளவு தர்க்கம் பேசியவர்கள் சாதியை என்ன செய்தார்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிகிறேன். நெருப்பைப் பற்றி அப்படி எழுதிய அதே சங்கரர், பிரம்மசூத்திர உரையில், வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் நிரப்பச் சொல்லும் வரியை மறுப்பில்லாமல் எடுத்தாள்கிறார். சைவ மரபில் வயது முதிர்ந்த ஆதிசைவரான அருணந்தியார், வேளாளரான இளம் மெய்கண்டாரைக் குருவாக ஏற்றார் என்று பெருமையாகச் சொல்வோம். நந்தனார் வெளியே நின்றதும் அதே மரபில்தான். இதைப் பூசிமெழுகிவிட்டுத் தத்துவம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

அந்த 'அறிவியல் விளக்க'க்காரர்களையும் நம்பாதீர்கள். மெட்டி அணிந்தால் கருப்பைக்கு நல்லது, மணியோசை மூளையின் இரு பக்கத்தையும் இணைக்கும் என்று எந்தச் சான்றும் இல்லாமல் எழுதுகிறார்கள். எதைக்கொண்டு அறிந்தாய் என்று கேட்டால் கோபம் வருகிறது. கோயிலைக் காப்பதாகப் பேசுகிற சிலர் கோயில் நிலத்தில் செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் ஊரில் கோயில் மானிய நிலத்தின் கற்கள் நான்கையும் ஒரே இரவில் பிடுங்கிக் குளத்தில் போட்டிருந்தார்கள். மீண்டும் அளந்து கல் நட்டேன். மறு மாதம் அவையும் இல்லை. செய்தவர் பிரதோஷத்துக்கு முதல் வரிசையில் நிற்பவர். அறிக்கை எழுதினேன், அலுவலகத்தில் அது எந்தக் கட்டுக்குள் போனதோ, ஓய்வுபெறும்வரை வெளியே வரவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எழுத வேறு இடம் எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தார். அதே ஆற்றங்கரை. உருண்டையை நான் பிடித்துக்கொண்டிருந்தபோது, என் மகளின் மகன், ஒன்பது வயது, "இது பாட்டிக்கு எப்படித் தாத்தா போகும்?" என்று கேட்டான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். போகும் என்று சொன்னவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், போகாது என்றவர்கள் கட்டுச்சோற்றை வைத்து எப்படிக் கேட்டார்கள் என்று இரண்டையும் சொன்னேன். ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எது தாத்தா?" என்றான். "எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் என் அம்மா கடைசி வாரம் சாப்பிடவே இல்லை. அதனால் வைக்கிறேன்" என்றேன். அது காரணமாகாதே என்றான். ஆகாதுதான் என்று ஒப்புக்கொண்டு, உருண்டையை இலையில் வைத்தேன்.