சொத்தைப் பல்லை அடைத்தால் அது அழகு சிகிச்சையா?

கேள்வி: பெங்களூர் மகாதேவபுராவில் வேலை செய்கிறேன். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில், என் சம்பளத்தில் தனியாகப் பிடித்தம் செய்து, புறநோயாளி பல் சிகிச்சைக்கு வருடம் 10,000 ரூபாய் வரை சேர்த்திருந்தேன். இரண்டு பல்லுக்கு ஃபில்லிங், ஒரு பல்லுக்கு ரூட் கேனல், அதன்மேல் கேப். மொத்தம் 16,300 ரூபாய். "காஸ்மெடிக், நாட் பேயபிள். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை" என்று டிபிஏ-விலிருந்து (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் இடைநிறுவனம்) இரண்டு வரி மெயில் வந்தது. விட்டுவிடலாமா? ஊரில் அம்மாவுக்கு ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இருக்கிறது. அதிலாவது ஃபில்லிங்குக்குப் பணம் கிடைக்குமா?
— வாசகி, அல்சூர்

பதில்: விட வேண்டாம். ஆனால் 16,300-க்கும் சண்டை போட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பில்லில் 'டென்டல் ட்ரீட்மென்ட் – 16,300' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. பாதி வினை அங்கேதான். அப்புறம் டாக்டர் வாட்ஸ்அப்பில் பிரித்துக் கொடுத்த கணக்கு: ஃபில்லிங் இரண்டு 3,400, ரூட் கேனல் 5,500, எக்ஸ்ரே 400, கேப் 7,000. இதையும் உங்கள் பாலிசியின் பல் சிகிச்சைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சொத்தைக்கான ஃபில்லிங், ரூட் கேனல், பல் பிடுங்குவது, அதற்கான எக்ஸ்ரே எல்லாம் உள்ளே. கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட், கிளிப், அழகுக்கான சிகிச்சை எல்லாம் வெளியே. ஆக, உங்களுக்கு வர வேண்டியது 9,300 ரூபாய். வருட வரம்புக்குள்தான் வருகிறது.

கேப்புக்கு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். விலக்கு விதியைப் பாலிசிதாரரிடம் கொடுக்காமலே வைத்திருந்துவிட்டு, பிறகு அதைக் காட்டி மறுக்க முடியாது என்று 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அது உதவாது. அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பியதே நீங்கள்தானே! இன்னொன்று: கேப்பையும் ஃபில்லிங் என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்காதீர்கள். அது மோசடி. நியாயமான 9,300-ம் போகும், வேலைக்கும் ஆபத்து.

இனி அவர்கள் சொன்ன காரணங்கள். 24 மணி நேர அட்மிஷன் என்பது முதன்மைப் பாலிசியின் நிபந்தனை. நீங்கள் தனியாகக் காசு கட்டி வாங்கியது புறநோயாளி சிகிச்சைக்கான சேர்க்கை. நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் பல்லை அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குத்தான் அது. அதற்கும் அட்மிட் ஆக வேண்டும் என்றால் எதற்குப் பிரீமியம் வாங்கினார்கள்? பாலிசி வாசகம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால், எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் வாங்கியவருக்குச் சாதகமாகவும் படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி.

'காஸ்மெடிக்' என்று சொன்னது அனேகமாகப் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் பொருளைப் பார்த்துத்தான். வெள்ளியாகத் தெரியும் அமால்கம் வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆனால் நிறமா கேள்வி? நல்ல பல்லின் மேல் பளபளப்புக்காக ஒட்டினால் அது அழகு. பல்லின் மேல்பூச்சான எனாமலைத் தாண்டி, உள்ளே இருக்கும் டென்டின் வரை அரித்த சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியை அடைத்தால் அது சிகிச்சை. டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்குங்கள்: எந்தப் பல் (36 என்றால் கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்), சொத்தை எவ்வளவு ஆழம், அடைக்காவிட்டால் என்ன ஆகும், ரூட் கேனல் ஏன் தேவைப்பட்டது. சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயையும் சேருங்கள். இந்த இரண்டு தாளும் என் வாதத்தைவிடப் பலமானவை.

இதெல்லாம் கையில் வந்ததும், பிரித்து எழுதிய பில்லோடு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். ஹெச்ஆருக்கு ஒரு நகல் போதும். டிபிஏ-வோடு மல்லுக்கட்டாதீர்கள், முடிவுக்குப் பொறுப்பு நிறுவனம்தான். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை மறுக்கக் கூடாது. எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் மறுப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைப் பின்னால் நுழைக்க முடியாது.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, குழுப் பாலிசி உறுப்பினரும் போகலாம், மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. 9,300 ரூபாய் விவகாரத்தில் அது உங்களுக்கு நல்லதுதான். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மேன் அதே விஷயத்தை எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஜே.பி. நகர்.

அம்மா விஷயம் வேறு. ஆரோக்ய சஞ்சீவனியில் 'நோய் அல்லது காயத்தால் தேவைப்படும் பல் சிகிச்சை' என்ற வரி இருப்பது உண்மை. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த வரி வருவது மருத்துவமனைச் செலவு என்ற தலைப்பின் கீழ். சொத்தை முற்றி, தாடை வீங்கி, சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனால் கேட்கலாம். கிளினிக்கில் போய் வைக்கும் ஃபில்லிங்குக்கு அதில் பணம் வராது. அம்மாவுக்கு இப்போது ஃபில்லிங்தான் என்றால் கைக்காசைப் போட்டு வைத்துவிடுங்கள். பாலிசியை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.