மான் வேட்டைக்கு எந்தத் தாங்கி?

கேள்வி: ஐயா, என் தம்பி கனடாவில், ஆல்பேட்டாவில் இருக்கிறான். துவக்கு லைசன்சும் வேட்டை லைசன்சும் எடுத்துவிட்டான். நவம்பரில் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகிறான். துவக்கை வைத்துச் சுடப் பாரமான இரும்புத் தாங்கி வாங்குவதா, துவக்கிலேயே பூட்டும் இரண்டுகாலியா, உயரமான கவைத்தடியா என்று குழம்புகிறான். செப்டெம்பரில் நான் அங்கே போகிறேன். துவக்குக்குக் கீழே வைக்க இங்கேயே பை தைப்பித்து, நிலாவெளிக் கடற்கரை மணல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, பையைத் தைப்பியுங்கள், மணலை இங்கேயே விட்டுவிடுங்கள். கடல்மணலில் உப்பு உண்டு. அது ஈரத்தை இழுக்கும், துவக்கின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வெறும் பையைப் பெட்டியில் மடித்து வைத்தால் பாரமும் இல்லை. றேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வைத்துச் சுட அங்கே கிடைக்கும் காய்ந்த ஆற்றுமணல் போதும். காட்டுக்குத் தூக்கிப் போக பிளாஸ்டிக் மணிகள் நிரப்பட்டும், பாரம் குறையும். அரிசி வேண்டாம், வண்டு வரும், நனைந்தால் ஊதிப் பூஞ்சணம் பிடிக்கும்.

தம்பி யோசிக்க வேண்டியது விலையை அல்ல, எந்த உயரத்தில் இருந்து சுடப்போகிறான் என்பதை. இரண்டுகாலி படுத்துச் சுடத்தான் நல்லது. ஆல்பேட்டாப் புல்வெளியில் முழங்கால் உயரப் புல் நிற்கும். படுத்தால் புல்தான் தெரியும், மான் தெரியாது. நான் 18 வருடம் அங்கே இருந்தவன். மான் கிடைத்த நாட்களில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் சுட்டேன், கவைத்தடியில் வைத்து. நம் திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் ஆளைக் கண்டாலும் மேய்ந்துகொண்டே நிற்கும். அங்கத்தைய மான் அப்படியில்லை, தலையைத் தூக்கினால் சில விநாடிகள்தான். அந்த நேரத்துக்குள் விரிக்கக்கூடிய தாங்கியே காட்டுக்குத் தாங்கி.

இரும்புத் தாங்கி றேஞ்சுக்கு மட்டும். ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிபார்க்கும்போது தோளில் விழும் உதைப்பைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதில் பாரத்துக்கு வைக்கும் ஈயமூட்டைகளை அளவுக்கு மீறி அடுக்கினால் துவக்கு பின்னால் நகர முடியாது. உதைப்பு முழுதும் துவக்கின் மரக்கட்டையில் இறங்கி, கட்டை வெடித்துப்போகலாம். இன்னொன்று: அதில் 100 யார் தூரத்தில் குறி சரிபார்த்த துவக்கு, கவைத்தடியில் வைக்கும்போது அதே இடத்தில் சுடும் என்று நம்ப வேண்டாம். காட்டுக்குக் கொண்டுபோகிற தாங்கியில் வைத்தும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மூன்றாவது வருடம், விழுந்து கிடந்த ஒரு மரத்தில், இடையில் எதுவும் வைக்காமல் துவக்கை வைத்துச் சுட்டேன். வெறும் மரத்தில் வைத்தால் துவக்கு துள்ளும், சன்னம் மேலே போய்விடும். மான் காயத்தோடு ஓடியது. இருட்டும்வரை இரத்தத்தடம் பார்த்து அலைந்தேன், மறுநாள் காலையில்தான் கண்டேன். அது ஓர் இரவு முழுக்கத் துடித்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அன்று தொப்பியையாவது மடித்து இடையில் வைத்திருக்க வேண்டும். எதில் வைத்தாலும் குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டைதான் தாங்கியில் இருக்க வேண்டும். குழல் எதிலும் தொடக்கூடாது, தொட்டால் சன்னம் விழும் இடம் மாறும்.

சரி, ஆகவே இந்த வருடம் தம்பி ஒரு கவைத்தடி வாங்கட்டும், பை உங்களுடையது. இரும்புத் தாங்கிக்கு இப்போது காசு போட வேண்டாம், றேஞ்சில் யாரிடமாவது இரவல் கேட்கலாம்.

தைப்பவரிடம் தடித்த கன்வஸ் துணியில், இரட்டைத் தையல் கேளுங்கள். இரண்டு சிறு பைகள், நடுவில் ஒரு பட்டியால் இணைத்தபடி இருந்தால் மரக்கொப்பிலும் வேலிக்கட்டையிலும் இருபுறமும் தொங்கி நிற்கும், வழுக்காது. நிரப்ப ஒரு வாய் விட்டு, சிப் வைக்கச் சொல்லுங்கள். துவக்கின் பின்கட்டைக்குக் கீழே வைக்கத் தனிப் பை தேவையில்லை; பழைய தடித்த காலுறை ஒன்றில் மணிகளை நிரப்பி முடிந்தால் போதும். அதைக் கைக்குள் பிடித்து இறுக்கினால் குறி கீழே இறங்கும், விட்டால் ஏறும்.