தைப்பதற்கு முன் பரப்பிப் பார்ப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடைகள் தைப்பதில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு முதல் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதில் இறங்கியிருக்கிறேன். ஒன்பது சதுரங்களை இணைத்து ஒரு கட்டமாக்கும் எளிய மாதிரியைத் தேர்ந்து, நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டி, இருபது கட்டங்களை முடித்துவிட்டேன். சிறு பூக்கள் அச்சிட்ட இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என எல்லாமே நான் ஆசைப்பட்டுச் சேர்த்த துணிகள். முனைகளும் பெரும்பாலும் சரியாகவே சேர்ந்திருக்கின்றன. ஆனால் கட்டங்களைத் தரையில் அடுக்கிப் பார்த்தபோது ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. எல்லாம் மங்கலாகக் கலந்து தெரிகிறது.

யாரோ வகுத்த மாதிரியை அப்படியே பின்பற்றுவதால்தான் இப்படியா? இதைப் படைப்பு என்று சொல்ல முடியுமா, இல்லை பொழுதைப் போக்கும் வேலை மட்டும்தானா? இயந்திரத்தில் தைப்பது கைத்தையலைவிடத் தாழ்ந்தது என்கிறார்கள், அது உண்மையா? சேராத சில முனைகளைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டுமா? வீட்டில் இருப்பவர்களோ, இவ்வளவு நேரம் செலவிடுவதற்கு விற்கவாவது செய்யலாமே என்கிறார்கள். கட்டங்களை இணைத்து முடிப்பதா, மூட்டை கட்டி வைத்துவிடுவதா என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குழப்பத்துக்கான விடை, நீங்கள் தந்திருக்கும் துணிகளின் விவரத்திலேயே இருக்கிறது. நான்கு வெவ்வேறு நிறங்களை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் நான்கும் ஏறத்தாழ ஒரே நிற அடர்த்தி கொண்டவையாக இருக்க வேண்டும், பூக்களும் நான்கிலும் சிறியவையே. கையில் வைத்துப் பார்க்கும்போது நிறங்களைப் பிரித்தறியும் கண், ஆறேழு அடி தள்ளி நின்றதும் எது வெளிர்ந்திருக்கிறது, எது கருத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பற்றிக்கொள்கிறது. அந்த வேறுபாடு இல்லாதபோது சதுரங்களின் எல்லைகள் கரைந்துவிடுகின்றன. நீங்கள் கவனமாகச் சேர்த்த முனைகளும் அவற்றோடு மறைந்துவிடுகின்றன. கைபேசியில் அந்தக் கட்டங்களைப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் காரணம் உறுதியாகிவிடும். எதிரெதிர் நிறங்கள் என்று நாம் நம்பும் சிவப்பும் பச்சையும்கூட, அடர்த்தி ஒன்றாக இருந்தால் அந்தப் படத்தில் வேறுபட மாட்டா.

ஆகவே மாதிரியின் மீது பழி போட வேண்டியதில்லை. வெண்பாவின் இலக்கணம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த இரண்டு வெண்பாக்களும் ஒன்றல்ல. போர்வைக் கட்டங்களிலும் அப்படியே. ‘லாக் கேபின்’ என்ற பழைய மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றிச் சுற்றி நீளப்பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர்ந்த பட்டைகள், மற்ற இரண்டு பக்கங்களில் கருத்த பட்டைகள். கட்டத்தின் அமைப்பு இவ்வளவுதான். ஆனால் தைத்து முடித்த கட்டங்களை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு போர்வையில் ஏர் ஓட்டிய சால்களைப் போன்ற சாய்கோடுகள் எழுகின்றன. இன்னொன்றில் நடுவிலிருந்து விரியும் சாய்சதுரங்கள் எழுகின்றன. வேறொன்றில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. அதே துணி, அதே தையல், அதே அளவு. மாறியது தைத்தவரின் பார்வை மட்டுமே.

என்னைக் கேட்டால், இந்தக் கலையின் படைப்புப் பகுதி பெரும்பாலும் ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. துணியைத் தேர்வது, வெளிர், நடுத்தரம், கருமை என்று பிரித்து அடுக்குவது, வெட்டிய துண்டுகளைப் பரப்பி வைத்து விலகி நின்று பார்ப்பது, பிடிக்காததை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது ஆகியவைதான் அந்தப் பகுதி. தையலில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள்தாம் இதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. சுவரில் ஒரு ஃபிளானல் துணியையோ மெல்லிய கம்பளியையோ தொங்கவிடுங்கள். பருத்தித் துண்டுகளை அதன்மேல் அழுத்தினாலே ஊசி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தரையில் பரப்பினால் அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் தெரியும். மடித்து எடுத்து வைத்தாக வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். சுவரில் இருப்பதைச் சில நாட்கள் அப்படியே விட்டுவைக்கலாம். காலை வெளிச்சத்தில் பொருந்திய நீலம், இரவு விளக்கின் மஞ்சள் ஒளியில் செத்துப்போவதை நீங்களே காண்பீர்கள். கடந்துபோகும்போதெல்லாம் ஒரு துண்டை மாற்றி வைப்பதற்குக் கிடைக்கும் இரண்டு நிமிடங்கள்கூட இந்தப் பொழுதுபோக்கின் நேரம்தான். எனக்கு இதில் மிகப் பிடித்த நேரமும் அதுவே.

வெளிர்வும் கருமையும் புதுத் துணியில் மட்டுமே கிடைப்பவை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் பல, வயல் வேலைக்கு உடுத்துத் தேய்ந்த உடைகளிலிருந்து தைக்கப்பட்டவை. வெயிலில் வெளுத்த நீலத் துணியில், சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் பழைய அடர்நீலமாகவே எஞ்சியிருக்கும். அந்த அடையாளத்தை மறைக்காமல், போர்வையின் நடுவே ஓர் அழுத்தமான சதுரமாக நிற்கவிட்டார்கள். ஒரே துணிக்குள் இரண்டு அடர்த்திகளைக் கண்டுபிடித்த அந்தப் பார்வையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வணங்கத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுப் பழைய பருத்தி உடைகளின் உள்மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் வெளுத்திருக்க, உள்ளே முதல் நாள் நிறம் இருக்கும். அச்சுத் துணியின் பின்பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். முன்பக்கத்தைவிட அது ஒரு படி வெளிர்ந்திருக்கும், திருப்பி வைத்துத் தைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் தைத்த இரண்டு போர்வைகள் இன்று நமக்கு எஞ்சியிருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திலும், மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. பைபிள் கதைகளையும் வானில் நிகழ்ந்த அதிசயங்களையும் துணி உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்த அந்த இரண்டு படைப்புகளிலும் கைத்தையல் இருக்கிறது, இயந்திரத் தையலும் இருக்கிறது. எந்த இடத்தில் எது வேண்டும் என்பதை அவர் தேர்ந்துகொண்டார். நீளமான நேர்த்தையலுக்கும், அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வைக்கும் இயந்திரம் உறுதியானது. வளைவான சிறு உருவங்களுக்கும், மேல்துணியையும் பஞ்சையும் அடித்துணியையும் பிணைக்கும் நூலோட்டத்துக்கும் கை இதமானது. இதில் உயர்வு தாழ்வு பார்ப்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சேராத முனைகளைப் பிரிப்பதா என்பதற்கு என்னிடம் ஒரு கண்டிப்பான பதிலும் ஒரு தளர்வான பதிலும் உண்டு. துணியின் வெட்டுவிளிம்பு தையலுக்கு அரைக்கால் அங்குலத்துக்கும் நெருக்கமாக வந்திருந்தால், பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரித்துத் தையுங்கள். சில சலவைகளுக்குள் அந்த இடம் இழை பிரிந்து வாய் திறந்துவிடும். முனைகள் சற்றே விலகி நிற்பது மட்டும்தான் குறை என்றால், ஆறடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெரும்பாலும் விட்டுவிடலாம்.

ஆனால் எல்லா முனைகளும் ஒரே திசையில் விலகுகின்றன என்றால், தையலுக்கு விடும் துணியின் அளவில் பிசகு இருக்கிறது. உடை தைப்பவர்கள் அரை அங்குலமும் அதற்கு மேலும் விட்டுப் பழகியவர்கள். அதில் நூலளவு கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. இங்கே விடுவது கால் அங்குலம் மட்டுமே. ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் குறையும். உங்கள் போர்வையில் ஒரு வரிசைக்கு நான்கு கட்டங்கள், அதாவது பன்னிரண்டு சதுரங்கள் என்றால், வரிசையே ஒன்றரை அங்குலம் சுருங்கிவிடும். துணி மடங்கும் இடத்திலும் ஓர் இழையளவு போய்விடுவதால், அனுபவசாலிகள் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகவே தைக்கிறார்கள். தைத்த பின் இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள்; இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும், குறுக்காக, அதாவது கிராஸாக வெட்டிய துண்டுகள் இன்னும் மோசமாக நீண்டுவிடும். முதல் வரிசையின் பின்பக்கத் தையல் மடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்துவிட்டால், இரண்டையும் இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, முனைகள் தாமாகவே சேரும்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விற்பனைக்குத் தைக்கத் தொடங்கினால் வாங்குபவரின் நிறமும் வாங்குபவரின் கெடுவும் முன்னால் வந்து நிற்கும். ஒரு துண்டை நான்கு நாட்கள் சுவரில் வைத்துப் பார்க்கும் உரிமை முதலில் போய்விடும். உங்களுக்குப் பணம் தேவையென்றால் அது வேறு பேச்சு. தேவையில்லை என்றால், நேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்துக்காக இதைத் தொழிலாக்கிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த இருபது கட்டங்கள். மூட்டை கட்டி வைக்க வேண்டாம். இப்படியே இணைக்கவும் வேண்டாம். அவற்றை வெட்டுங்கள். உங்கள் கணக்குப்படி, தையல்களில் ஓர் அங்குலம் போக, ஒவ்வொரு கட்டமும் இப்போது 11 அங்குலச் சதுரமாக இருக்கும். நெடுக்கிலும் குறுக்கிலும் நடுவே, அதாவது ஐந்தரை அங்குலத்தில் வெட்டினால் நான்கு கால்பகுதிகள் கிடைக்கும். அவற்றின் இடையில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு வெட்டிய பட்டைகளைச் சிலுவைபோல வைத்து மீண்டும் இணையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஐந்தரை அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகளும், பதினொன்றரை அங்குல நீளத்தில் ஒன்றும் போதும். பத்துக் கட்டங்களுக்குப் பூவே இல்லாத அடர்ந்த கருநீலத்தையும், மற்ற பத்துக்கு வெண்மைக்கு நெருங்கிய ஒரு சந்தன நிறத்தையும் எடுத்து, இரண்டையும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாற்றி மாற்றி அடுக்கலாம். உங்கள் பூக்கள் அனைத்தும் நடுத்தர அடர்த்தி என்பதால், இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிறுத்தப்பட்டதும் அவை எழுந்து தெரியும். கால்பகுதிகளைத் திருப்பி வைக்கவும் செய்யலாம். நடுவில் இருந்த சதுரம் நான்காகப் பிரிந்து கட்டத்தின் நான்கு ஓரங்களுக்கும் போய்ச் சேரும். முடிவில் ஒவ்வொரு கட்டமும் தைத்த அளவில் 11 அங்குலமாகும். நான்குக்கு ஐந்து என்று அடுக்கினால் 44க்கு 55 அங்குலத்தில் ஒரு போர்வை.

வெட்டும்போது பழைய தையல்கள் ஓரங்களில் பிரிய வாய்ப்புண்டு. வெட்டிய துண்டுகளை இழுக்காமல் கையாளுங்கள், புதிய தையலின் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கருநீலத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது தெளியும்வரை அலசியாக வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சந்தன நிறம் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மாலையில் வெட்டிவிடாதீர்கள். நான்கு கட்டங்களை மட்டும் வெட்டி, பட்டைகளைத் தைக்காமல் இடையில் செருகி, சுவரில் ஒட்டிவைத்து, பகலிலும் இரவிலும் பாருங்கள். கருநீலம் அளவுக்கு மீறி அதட்டுவதாகத் தோன்றினால் பட்டையின் அகலத்தைக் குறைக்கலாம், அல்லது கரும்பச்சையை வைத்துப் பார்க்கலாம். மீதமுள்ள பதினாறு கட்டங்களை அதற்குப் பிறகு தொடுங்கள். அந்த நான்கு கட்டங்களின் கறுப்பு வெள்ளைப் படத்தை எனக்கும் அனுப்பினால், பட்டைகளின் நிறத்தைப் பற்றி மேலும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்