எந்த வேலை, எங்கே தேடுவது? கணினிவழித் தொழில் வழிகாட்டல்: கேள்வி பதில்

இணையத்தில் கிடைக்கும் ஆர்வத் தேர்வுகள், வேலைவாய்ப்புத் தளங்கள், விண்ணப்பம் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்): அக்கா, 'மை நெக்ஸ்ட் மூவ்' தளத்துல 60 கேள்வி டெஸ்ட் எழுதினேன். சோஷியல் 29, ரியலிஸ்டிக் 26, மத்ததெல்லாம் 12க்குக் கீழ. பிசியோதெரபிஸ்ட்னு காட்டுது. நம்பிச் சேரலாமா?

பதில்: அது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இலவசத் தேர்வு. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் பிரித்த ஆறு வகை ஆர்வங்கள்தான் அதற்கு அடிப்படை. சோஷியல் என்றால் பிறருக்கு உதவும் வேலைகளில் ஆர்வம், ரியலிஸ்டிக் என்றால் கையாலும் கருவியாலும் செய்யும் வேலைகளில் ஆர்வம். வகைக்குப் 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக உச்சம் 40. உங்களுக்கு இரண்டு வகைகள் மட்டும் தனியே உயர்ந்து நிற்பதால் இது பயன்படுத்தக்கூடிய முடிவு. சிலருக்கு ஆறும் 19, 20, 21 என்று ஒட்டிக்கொண்டு வரும். 'தெரியவில்லை' என்பதற்கு 2 மதிப்பெண் என்பதால், எல்லாவற்றுக்கும் அதையே அழுத்தினால் எல்லா வகையும் 20 ஆகிவிடும். அப்படி வந்தவர்கள், சம்பளத்தையும் படிப்பையும் மறந்துவிட்டு, 'இந்த வேலையைச் செய்யப் பிடிக்குமா' என்று மட்டும் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

ஆனால் இந்தத் தேர்வு அளப்பது விருப்பத்தை. திறமையை அல்ல, சீட் கிடைக்குமா என்பதையும் அல்ல. அதனால் தொழிலின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் உள்ள அன்றாடப் பணிகளின் பட்டியலைப் படியுங்கள். பிசியோதெரபியில் நாள் முழுக்க நிற்க வேண்டும், நோயாளியைத் தாங்கித் தூக்க வேண்டும், ஒரே பயிற்சியை வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வைக்க வேண்டும், ஒவ்வொரு நாளின் முன்னேற்றத்தையும் எழுதி வைக்க வேண்டும். இவற்றில் எதையெல்லாம் தினமும் செய்ய முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மனம் ஒப்பவில்லை என்றால் பட்டியலில் அடுத்த தொழிலுக்குப் போங்கள்.

அந்தத் தளத்தில் உள்ள சம்பளம், எதிர்காலத் தேவை, கல்வித் தகுதி மூன்றும் அமெரிக்காவுக்கு உரியவை. அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆக முனைவர் நிலைப் பட்டம் கேட்பார்கள். இங்கே பிளஸ் டூவுக்குப் பிறகு பி.பி.டி. என்ற இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். நுழைவு விதிகளை அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் மட்டுமே பாருங்கள். பிறகு அருகில் உள்ள மருத்துவமனையில் அனுமதி கேட்டு ஒரு நாள் அந்தப் பிரிவில் உட்கார்ந்து கவனியுங்கள். கணினி தராத தகவல் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவரின் தந்தை, ஓசூர்): மேடம், பையனோட விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி, எந்த குரூப் எடுக்கணும்னு கம்ப்யூட்டர் ரிப்போர்ட் தருவோம்னு சொல்றாங்க. ஆறாயிரம் ரூபா கேக்கறாங்க. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் சார். விரல் ரேகைக்கும் கணக்குத் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும், வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதுதான் நிலை.

என்.சி.இ.ஆர்.டி.யும் சி.பி.எஸ்.இ.யும் சேர்ந்து உருவாக்கிய 'தமன்னா' என்ற திறனறித் தேர்வு இருக்கிறது. 9, 10ஆம் வகுப்புகளுக்கானது. மொழி, எண், இயந்திர அறிவு, இடஞ்சார் கற்பனை என ஏழு திறன்களைத் தனித்தனியே அளக்கும். தேர்ச்சி, தோல்வி கிடையாது. பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள். முடிவு வந்ததும், 'இதில் குறைவு, அதனால் அந்த குரூப் வேண்டாம்' என்று தயவுசெய்து பையனிடம் சொல்லாதீர்கள். பயிற்சியால் உயரக்கூடியவை அவை.

கேள்வி (பி.காம். பட்டதாரி, திருநெல்வேலி): மேடம், போர்ட்டல்ல நிறைய இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன். ஒரு கால் கூட வரல. ரெஸ்யூம் நல்லாத்தான் இருக்கு.

பதில்: கண்ணுக்கு நன்றாக இருப்பது வேறு, கணினி படிப்பது வேறு. முதலில் ஒரு சோதனை: பி.டி.எஃப்.ஐத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். பல நிறுவனங்களின் வடிகட்டும் மென்பொருளுக்கு ஏறக்குறைய அதுதான் தெரியும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். வரிகள் கலந்து வந்தால் பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் (காலம்) பிரித்த வடிவமைப்புதான் காரணம், ஒரே பத்தியாக்குங்கள். தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்புப் பகுதியில் (ஹெட்டர்) போட்டிருந்தால் சில மென்பொருள்கள் அதை விட்டுவிடும். தமிழில் எழுதியது புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். யூனிகோடில் திரும்ப அடியுங்கள்.

அடுத்து சொற்கள். ஒரே வேலையை ஒருவர் 'அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்' என்பார், இன்னொருவர் 'அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்பார். எல்லாப் பெயரிலும் தேடி, ஐந்து விளம்பரங்களை எடுத்து, மூன்றிலாவது திரும்ப வரும் சொற்களைக் குறியுங்கள்: டேலி பிரைம் (கணக்கு மென்பொருள்), டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்), ஜி.எஸ்.டி.ஆர்-3பி (ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் படிவம்), வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. உண்மையில் செய்யத் தெரிந்தவற்றை மட்டும் அதே சொல்லில் எழுதுங்கள். 3பி தெரியும் என்று எழுதினால், மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு 20ஆம் தேதி கடைசி என்பதாவது நேர்காணலில் வாயில் வர வேண்டும்.

இன்னொன்று இனிஷியல். சான்றிதழில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா' என்றிருந்தால் அரசுத் தளங்களில் விவரம் பொருந்தாமல் பதிவு நின்றுவிடும். வேலை கிடைத்தபின் பி.எஃப். கணக்கிலும் இதே தொல்லைதான். இப்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்ற ஆவணங்களைத் திருத்திவிடுங்கள்.

கேள்வி (அதே நண்பர்): எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கேன். அது போதாதா?

பதில்: போதாது, ஆனால் விட்டுவிடவும் கூடாது. 3 ஆண்டுக்கு ஒருமுறை இணையத்தில் புதுப்பியுங்கள், புதிய தகுதி கிடைத்ததும் சேருங்கள். தமிழ்நாடு அரசின் வேலையற்றோர் உதவித்தொகைக்கும் 5 ஆண்டுப் பதிவு தேவை. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு இதனோடு சேராது, அதைத் தனியாகச் செய்ய வேண்டும். தனியார் வேலைக்கு மாநில அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், மத்திய அரசு 2015இல் தொடங்கிய நேஷனல் கரியர் சர்வீஸ் இரண்டிலும் பதியுங்கள். வேலை தேடுவோருக்கு இரண்டும் இலவசம்.

கேள்வி (உயர்தரம் முடித்தவர், யாழ்ப்பாணம்): அக்கா, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. ஒன்லைனில் நிறைய டிப்ளோமா விளம்பரம் வருது. எதை நம்பிறது?

பதில்: தம்பி, விளம்பரத்தில் 'டிப்ளோமா' என்ற சொல்லைப் பார்க்காமல் என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழில் தகைமை) மட்டத்தைப் பாருங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, நீங்கள் எடுக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றதா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். நிறுவனம் பதிவாகியிருந்தும் பாடநெறிக்குத் தரச்சான்று இல்லாத இடத்தில்தான் பலர் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்): இதையெல்லாம் சாட்ஜிபிடி கிட்டயே கேட்டுக்கலாமே?

பதில்: நேர்காணல் பயிற்சிக்கு மிக நல்லது. ஒரு தொழிலில் என்னென்ன பிரிவுகள் உண்டு என்று தெரிந்துகொள்ளவும் உதவும். கட்டணம், கட்-ஆஃப், கடைசித் தேதி, அங்கீகாரம் இந்த நான்கையும் அதனிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லும். ஆதார் எண்ணை அதில் போடவே வேண்டாம்.

கேள்வி (ஐ.டி.ஐ. முடித்தவர், இராமநாதபுரம்): தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு டெலிகிராம்ல வந்துச்சு. மாசம் 80 ஆயிரம், டிக்கெட் அவங்களே போடுறாங்களாம். டூரிஸ்ட் விசாவுல போய் அங்க மாத்திக்கலாம்னு சொல்றாங்க.

பதில்: போகாதீர்கள் தம்பி. தாய்லாந்து என்று கூட்டிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கும்பல்களும் இப்படித்தான் ஆள் பிடித்தன. வேலைக்குப் போகிறவருக்கு டூரிஸ்ட் விசா என்று சொன்ன இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் சான்றிதழ்ப் படம் போதாது, உரிமம் காலாவதி ஆகவில்லையா என்பதும் தளத்தில்தான் தெரியும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ரசீதோடு. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.