ஒரு குடும்பமே மதக்குழுவில் சிக்கிய கதை: எந்தப் பழைய முதல் பதிப்பை வாங்கலாம்?

"குடும்பத்தோடு ஒரு மதக்குழுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய புத்தகங்களைப் பழைய முதல் பதிப்பாகவே வாங்க ஆசை. எதில் தொடங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 1981-இல் வந்த 'இன் மை ஃபாதர்ஸ் ஹவுஸ்'. கலிஃபோர்னியாவின் லேட்டன் குடும்பத்தைப் பற்றியது. மின் யீ என்பவரும் அந்த வீட்டு மகன் தாமஸும் சேர்ந்து எழுதினார்கள்.

ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் நடத்திய பீப்பிள்ஸ் டெம்பிள் மதக்குழுவில் முதலில் சேர்ந்தவர் தாமஸின் தம்பி லாரி. அப்புறம் தங்கை டெபோரா, அவர் பின்னாலேயே அம்மா லிசா. லிசா நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். அதைக்கூடப் பிள்ளைகளிடம் வெகுகாலம் சொல்லாமல் வளர்த்தவர். தாமஸ் சேரவே இல்லை. 1978 மே மாதம் டெபோரா, குழு குடியேறியிருந்த தென் அமெரிக்க நாடான கயானாவிலிருந்து தப்பினார், புற்றுநோயோடு இருந்த அம்மாவை விட்டுவிட்டு. நவம்பர் 18 அன்று அங்கே குழுவினர் 900-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் விஷத்தால், இறந்தார்கள். லிசா அதற்குச் சில வாரங்கள் முன்பே இறந்துவிட்டார். அன்று பக்கத்து விமான ஓடுதளத்தில், அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டதற்காக லாரி பிடிபட்டார்.

டெபோராவும் 1998-இல் 'செடக்டிவ் பாய்சன்' என்று தன் கதையை எழுதினார். படிக்க மட்டும் என்றால் அதுவே போதும், மறுபதிப்பு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் 1981 புத்தகம் வந்தபோது லாரியின் வழக்கு முடியவில்லை. அமெரிக்காவில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. 1986-இல்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது, வெளியே வந்தது 2002-இல். தம்பி கதி என்னவாகும் என்று தெரியாமலேயே அண்ணன் புத்தகம் போட்டிருக்கிறார். அந்தத் தவிப்புக்காகத்தான் பழைய பிரதியைத் தேடச் சொல்கிறேன்.

வாங்கும்போது பதிப்புரிமைப் பக்கத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசை இருந்தால் பெரும்பாலும் அதில் 1 இருக்க வேண்டும். (ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் மட்டும் வெகுநாள் 'முதல் பதிப்பு' என்று போட்டு வரிசையை 2-இல் தொடங்கிக் குழப்பியது.) மேலுறையின் உள்மடிப்பில் விலையே இல்லை, பின்னட்டையின் கீழ் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் சின்னப் பள்ளம் வேறு இருக்கிறது என்றால் அது புத்தக கிளப் பதிப்பாக இருக்கும், விட்டுவிடுங்கள். சம்பவம் நடந்த சில வாரங்களிலேயே வந்த மலிவு பேப்பர்பேக்குகளை மட்டும் ஒதுக்காதீர்கள். அவற்றுக்கு முதல் பதிப்பே அந்த வடிவம்தான்.

நான் ஏமாந்தது வேறு விதம். 'நல்ல நிலை' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். பிரித்தால் நூலகக் கழிவுப் பிரதி: மேலுறை அட்டையோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது, கடைசிப் பக்கத்தில் அட்டை செருகும் பை, மூன்றே மூன்று தேதி முத்திரை. முதல் பதிப்புதான், பொய் சொல்லவில்லை. விற்கப் போனால் பாதி விலைகூடத் தேறாது. விற்பவரிடம் 'நூலகப் பிரதியா?' என்று தனியாகக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.