வெளியில் கொடுக்கும் அப்பளக் கூலிக்கும் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமா?

கேள்வி: மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் சின்னதாக ஒரு அப்பளக் கம்பெனி நடத்துகிறேன். உள்ளே வேலை பார்க்கும் 12 பேருக்கும் தவறாமல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா) கட்டிவருகிறேன். போன வருடம் அதிகாரி வந்து 2022-23, 2023-24 கணக்குகளைப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டில் அப்பளம் தேய்த்துக் கொடுக்கும் பெண்களுக்குத் தந்த கூலி 26 லட்சம், ஏற்றுக்கூலி 3.20 லட்சம், ஷெட் மராமத்து 4.80 லட்சம், தீபாவளி போனஸ் 2 லட்சம் எல்லாவற்றையும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டு, ரூ.1,44,000-உம் அதற்கு வட்டியும் கேட்கிறார்கள். ஆடிட்டர் கட்டிவிடச் சொல்கிறார். தெரிந்த ஒருவர் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கட்டினால் அந்தப் பெண்களின் கூலியில் பிடித்துக்கொள்ளலாமா? ஆளைப் பத்துக்குக் கீழே குறைத்தால் இ.எஸ்.ஐ.யிலிருந்து விலகிவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் கையில் இருப்பது நோட்டீஸ். உத்தரவு இன்னும் வரவில்லை. அதில் நேரில் வந்து விளக்கம் சொல்ல ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். அந்தத் தேதிக்குக் கட்டாயம் போங்கள். பயத்தாலோ கடை வேலையாலோ போகாமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். பிறகு வருவது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 45-ஏ பிரிவு உத்தரவு. கணக்கைக் காட்டாதவர்களுக்குக் கிடைத்த தகவலை வைத்துத் தொகையை நிர்ணயிக்க அந்தப் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அது வந்துவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கி வசூலிக்கவும் வழி உண்டு.

36 லட்சத்துக்கு 4 சதவீதம் போட்டிருக்கிறார்கள். முதலாளி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. 2019 ஜூலை முதல் இதுதான் விகிதம், அதில் தவறில்லை. லெட்ஜரில் ‘கூலி’ என்று எழுதியிருந்தால் ஆய்வுக்கு வருபவர் அதைச் சம்பளமாகத்தான் பார்ப்பார். அது சம்பளம் இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே நான்கு தலைப்புக்கும் ஒரே பதிலை எழுதாதீர்கள்.

தீபாவளி போனஸ் விஷயம் எளிது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் கொடுக்கும் தொகை, 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 2(22) பிரிவுப்படி சம்பளக் கணக்கில் சேராது. வருடத்துக்கு ஒருமுறைதான் கொடுத்தீர்கள் என்று பட்டுவாடாப் பதிவேட்டைக் காட்டினால் போதும்.

ஷெட் மராமத்தில் தகரம், சிமென்ட், கம்பி வாங்கிய பில்களைத் தனியாக எடுங்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் யாருடைய சம்பளமும் ஆகாது. மீதியுள்ள ஆள் கூலிக்குத்தான் கேள்வி வரும். காண்ட்ராக்டருக்குச் சொந்தமாக இ.எஸ்.ஐ. எண் இருந்து, அந்த ஆட்களுக்கு அவர் கட்டிய சலான் இருந்தால் அதையும் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஏற்றுக்கூலியில் பிடிவாதம் வேண்டாம். தினமும் உங்கள் வாசலில் வண்டியேற்றும் அதே ஆட்களுக்கு நீங்களே கூலி கொடுத்தால், அவர்கள் வரம்புக்குள் வருவார்கள். ராஜ்கமல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் சுமைத் தொழிலாளர்களை அப்படித்தான் சேர்த்தது. ‘யார் யார் வந்தார்கள் என்றே தெரியாது’ என்ற வாதமும் உதவாது. ஆளை அடையாளம் காட்ட முடியாவிட்டாலும் சந்தா கட்ட வேண்டும் என்று ஹாரிசன்ஸ் மலையாளம் வழக்கில் 1993-லேயே சொல்லிவிட்டார்கள். பார்சல் ஆபீஸ் ஆட்கள் ஏற்றி, அதற்கு அவர்கள் பில் போட்டிருந்தால் அந்தத் தொகையை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள்.

இனி அப்பளக் கூலி. 1,44,000-இல் 1,04,000 இதிலிருந்துதான் வருகிறது. ‘அவர்கள் வீட்டில் இருந்து செய்கிறார்கள், என் கம்பெனிக்குள் வருவதே இல்லை’ என்று சொல்லலாம் என நினைப்பீர்கள். அது மட்டும் போதாது. நேரடியாக வேலைக்கு வைத்தவர் ஆலைக்குள் செய்தாலும் வேறு இடத்தில் செய்தாலும் தொழிலாளிதான் என்று 2(9) பிரிவிலேயே இருக்கிறது. பீடி சுற்றும் வீட்டுத் தொழிலாளர்கள் பி.எஃப். வரம்பில் வருவார்கள் என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சரியில்லாத பீடியைக் கழித்துவிடும் அதிகாரம் இருப்பதே கட்டுப்பாடு என்று அது பார்த்தது. உடைந்தது, தடிமன் கூடியது என்று நீங்களும் அப்பளத்தைக் கழிப்பீர்கள் அல்லவா? அதிகாரி அதைத்தான் கேட்பார்.

ஆனால் உங்கள் பக்கமும் வலு இருக்கலாம். அது நடைமுறையைப் பொறுத்தது. மாவு வாங்கிப்போகும் பெண் தினமும் வர வேண்டுமா, இஷ்டப்பட்ட நாளில் வரலாமா? அவரே தேய்க்க வேண்டுமா, மகளோ மருமகளோ தேய்த்தால் ஆட்சேபம் உண்டா? இரண்டு மூன்று கம்பெனிகளுக்குச் சேர்த்துத் தேய்க்கிறாரா? பலகை, உருளை யாருடையது? ஒரு வாரம் வராவிட்டால் கேள்வி கேட்பீர்களா? பதில்கள் சுதந்திரத்தின் பக்கம் இருந்தால் அவர்கள் உங்கள் வேலையாட்கள் இல்லை, வேலையை வாங்கிச் செய்து கொடுப்பவர்கள் என்று வாதிடலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை 2008-ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சட்டம் தனி வகையாகவே வைத்திருந்தது என்பதைத் துணை வாதமாகச் சேர்க்கலாம். மாவு கொடுத்த நோட்டு, ஆளுக்கு ஆள் வாரக் கூலி விவரம், ஐந்தாறு பெண்களின் எழுத்துமூல வாக்குமூலம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வாக்குமூலத்தில் நடந்தது மட்டுமே இருக்க வேண்டும். நமக்கு வசதியாக எழுதிக் கையெழுத்து வாங்கினால் குறுக்கு விசாரணையில் அந்தப் பெண்கள்தான் சிக்கிக்கொள்வார்கள்.

அவர்களில் சிலர் உண்மையிலேயே தினசரி உங்கள் சொல்படி வேலை செய்பவர்களாக இருந்தால், அவர்களைச் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம், 26 வாரப் பேறுகாலப் பணம், உடம்பு சரியில்லாத நாளுக்கு 70 சதவீதக் கூலி எல்லாம் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பழைய பாக்கிக்காக அவர்கள் கூலியில் கைவைக்காதீர்கள். எந்தக் காலத்துக்கான சந்தாவோ அந்தக் காலத்துக் கூலியிலிருந்து மட்டுமே தொழிலாளி பங்கைப் பிடிக்க முடியும். விட்டுப்போனதை முதலாளிதான் ஏற்க வேண்டும். ஆளைக் குறைக்கும் யோசனையும் பலிக்காது. ஒருமுறை வரம்புக்குள் வந்த நிறுவனம், எண்ணிக்கை குறைந்தாலும் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதே விதி.

2025 நவம்பர் 21 முதல் பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, சம்பளத்துக்கான விளக்கமும் மாறிவிட்டது. உங்கள் நோட்டீஸ் அதற்கு முந்தைய காலத்துக்கானது என்பதால் பழைய விளக்கத்தையே பொருத்தச் சொல்லி எழுதுங்கள்.

விசாரணைக்குப் பிறகும் உத்தரவு பாதகமாக வந்தால், 60 நாளுக்குள் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். உத்தரவான தொகையில் 25 சதவீதம், அல்லது உங்கள் கணக்குப்படி வரும் தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அடுத்து இ.எஸ்.ஐ. கோர்ட். மதுரையில் தொழிலாளர் நீதிமன்றமே அதைப் பார்க்கிறது. அங்கே 50 சதவீதம் கட்டச் சொல்லும் விதி உண்டு, காரணம் காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒப்புக்கொள்ளும் பகுதியை மட்டும் இப்போதே சலான் போட்டுக் கட்டிவிடுங்கள், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி அதோடு நின்றுவிடும்.

‘பேசி முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது, லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.