விமான வைஃபையில் வாட்ஸ்அப் மெசேஜ் போகிறது, வீடியோ கால் மட்டும் ஏன் திணறுகிறது?

தூரம்தான் முதல் காரணம். அடுத்த முறை விமானத்தின் முதுகைப் பாருங்கள்; ஒட்டகத் திமில் மாதிரி ஒரு புடைப்பு தெரிந்தால், அதற்குள்தான் ஆன்டெனா இருக்கிறது. உங்கள் போன் அனுப்புவது கேபினில் உள்ள வைஃபை கருவி வழியாக அங்கே போய், செயற்கைக்கோளுக்கு ஏறி, தரை நிலையத்துக்கு இறங்குகிறது.

பழைய முறையில் அந்தச் செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கினால் 1,44,000 கி.மீ. ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி! மெசேஜுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேச்சில் அப்படியில்லை, நீங்கள் "ஹலோ" சொல்லி முடித்து மறுபடி "ஹலோ" சொல்லும்போதுதான் முதல் பதில் வரும். போதாததற்கு, இருக்கிற வேகத்தை விமானம் முழுக்கப் பங்கு போட வேண்டும். புதிய செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறைகிறது.

ஆனாலும் பல விமான நிறுவனங்கள் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து அழைப்புகளை அனுமதிப்பதில்லை. அது நியாயம்தான் என்பேன்.

இருக்கைத் திரையில் படங்கள் மட்டும் திணறாமல் ஓடுகின்றனவே என்கிறீர்களா? அவை பெரும்பாலும் விமானத்திலேயே உள்ள சர்வரில் முன்கூட்டியே ஏற்றப்பட்டவை. வைஃபை போனாலும் அவை ஓடும்.